கடலில் ஒரு பாடு



கரைக்கடலை இடம்வாரியாகப் பிரித்துச் சிறுதொழில் மீனவர்களே ஆளும் முறைகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதற்கு ஒரே ஒரு சொல்லைத் துணையாக எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சொல் ‘பாடு’.

தெற்கே எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும், கரையேறும் படகைப் பார்த்து முதலில் கேட்கும் கேள்வி “பாடு எப்படி?” என்பதுதான். மீன்பாடு உண்டா என்று பொருள். பழவேற்காட்டில் அதே சொல் வேறொன்றைக் குறிக்கிறது: ஏரியில் வலை கட்டும் இடத்தையும், அந்த இடம் யாருக்கு எப்போது என்ற முறையையும். இலங்கையின் தமிழ்க் கரைகளில் கரைவலை வளைக்கும் எல்லைக்குக் கரைவலைப் பாடு என்று பெயர். வீட்டுக்குள் வந்தால் வயிற்றுப்பாடு. கிடைப்பது, கிடைக்கும் இடம், கிடைக்கும் முறை, அதற்காகப் படும் துன்பம் ஆகிய நான்கையும் நம் மக்கள் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள். இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்காத எந்த மீன்வளத் திட்டமும் கரையேறாது என்பதுதான் என் உரையின் சாரம்.

பெயர் உள்ள கடல்

கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் வெறும் நீர்ப்பரப்பு. தொழில் செய்கிறவருக்கு அப்படியில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னால், திருச்செந்தூருக்குத் தெற்கே ஓர் ஊரில், வயதான மீனவர் ஒருவரோடு ஃபைபர் படகில் போனேன். அவரை உடன் வந்த பையன்கள் எல்லோரும் மாமா என்றார்கள். ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். எனக்கு எல்லாத் திசையும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

“அங்க பாருங்க தம்பி, மாதா கோயில் கோபுரம் தெரியுதா? அதுக்குப் பின்னால தேரியில ஒத்தப்பனை. ரெண்டும் நேரா வருதுல்லா? இப்போ வலதுகைப் பக்கம் திரும்புங்க. மலையோட தோளு அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு மேல உக்காந்திருக்கும். ரெண்டு நேரும் வெட்டுற எடம் இதுதான். கீழ பாரு கெடக்கு.”

ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார். கயிறு சட்டென்று தளர்ந்தது. பத்துப் பாகம் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) கூட இல்லை. கடலடியில் மேடாகக் கிடக்கும் பாறைக்குப் பார் என்று பெயர். அந்தப் பாருக்கு ஒரு பெயர் இருந்தது. அதன் வடக்குச் சரிவுக்கு வேறொரு பெயர். எந்தக் காற்றில் அங்கே எந்த மீன் நிற்கும், எந்த மாதத்தில் வலை போடக் கூடாது, தூண்டில் மட்டும் எப்போது என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இப்படிப் பெயர் சூட்டி, எல்லை அறிந்து, நேரம் குறித்து வைத்திருக்கும் இடத்தை யாருக்கும் சொந்தமில்லாத வெளி என்று சொல்வது சரியா?

1968-இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் பொதுச் சொத்தின் அவலம் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் அவரவர் ஒரு மாடு கூடுதலாக விடுவார்கள், முடிவில் நிலம் அழியும் என்பது அவர் வாதம். மீன்வளம் பேசிய அறிஞர்கள் பலர் இதை அப்படியே கடலுக்கும் பொருத்தினார்கள். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் உலகெங்கும் உள்ள ஊர்ப்பொதுச் சொத்துகளை ஆராய்ந்து 1990-இல் நூல் எழுதினார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பொதுச் சொத்தை அதன் பயனாளிகளே விதி வகுத்து, காவல் வைத்து, தலைமுறைகளாகக் காத்துவரும் ஊர்கள் ஏராளம் என்று அவர் காட்டினார். ஹார்டின் சொன்னது விதியே இல்லாத இடத்தின் கதை. நம் கரைகள் விதி இல்லாத இடங்களாக இருந்ததில்லை.

பழவேற்காட்டுச் சீட்டு

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏரியில் வளர்ந்த இறால், வற்றுநீரோடு கடலுக்குத் திரும்பும். அந்த நீரோட்டம் ஓடும் வாய்க்கால்களில் கம்பு நட்டு வலை கட்டினால் இறால் தானே வந்து விழும். சிக்கல் என்னவென்றால், அப்படி நல்ல ஓட்டம் உள்ள இடங்கள் கொஞ்சம்தான். அவையும் ஒன்றுபோல் இருக்காது. ஓர் இடத்தில் கூடை நிறையும். அடுத்த இடத்தில் குழம்புக்குத் தேறும். வலிமை உள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் நாள்தோறும் சண்டை.

அதற்கு அங்குள்ள ஊர்கள் கண்ட வழிதான் பாடு. தலைக்கட்டு வரி செலுத்தி, ஊரில் உரிமை பெற்ற குடும்பத்துக்கு ஒரு பங்கு. எந்த நாள் எந்த ஊருக்கு, எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இன்று மோசமான இடம் விழுந்தவருக்கு இன்னொரு நாள் நல்ல இடம் வரும். ஆண்டுமுழுதும் பார்த்தால் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே வாய்ப்பு. வலை எண்ணிக்கைக்கும் தானாகவே ஓர் உச்சவரம்பு வந்துவிடுகிறது. முறை தவறியவரை ஊர் கேட்கும், தண்டம் உண்டு. நீதி, சிக்கனம், காவல் ஆகிய மூன்றும் ஒரு சீட்டுக்குள் அடங்கிவிட்டன.

நம்மோடு எந்தத் தொடர்பும் இல்லாத துருக்கியின் அலன்யா கரையிலும் கிட்டத்தட்ட இதே முறை 1970-களில் உருவானது. அங்கே அப்போது ஏறத்தாழ நூறு மீனவர்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் உரிமை உள்ளவர்களின் பட்டியலையும் இடங்களின் பட்டியலையும் எழுதிச் சீட்டுப் போடுவார்கள். ஜனவரி வரை நாளுக்கு ஓர் இடமாகக் கிழக்கே நகர வேண்டியிருந்தது. பிறகு மே வரை மேற்கே. வலசை போகும் மீனைப் பிடிக்கும் வாய்ப்பு இதனால் எல்லோருக்கும் சமமானது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலை இடங்களைச் சீட்டுப் போட்டே பிரிக்கிறார்கள். ஒரே சிக்கல் வந்தபோது வெவ்வேறு கரைகள் ஒரே விடையைக் கண்டடைந்தன என்றால், அந்த விடையில் ஏதோ அடிப்படையான அறிவு இருக்கிறது.

பழவேற்காட்டு முறையின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். பாடு உரிமை பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்களுக்கு உரியது. அதே நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. மீனை விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கும் ஊர்க் கூட்டத்தில் குரல் இல்லை. பழமையானது என்பதற்காக ஒரு முறையை முழுவதும் நியாயமானது என்று வாழ்த்திவிட முடியாது.

மூன்று கடல் மைல்

1952-இல் கையெழுத்தான இந்திய–நார்வே திட்டம் கேரளத்தின் நீண்டகரையில் வேலையைத் தொடங்கியது. சிறு மீனவர் வாழ்வை உயர்த்துவதே நோக்கம். ஆனால் இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை திறந்ததும் இழுவைமடி கட்டிய விசைப்படகுகளே பெருகின. தமிழகத்திலும் அதே கதை. இறால் வாழ்வது கரைக்கடலில், ஆற்று நீர் கொண்டுவரும் வண்டலும் சத்தும் படியும் தரையில். எனவே எவ்வளவு ஆற்றல் உள்ள படகாக இருந்தாலும் கரையை நோக்கியே வந்தது. கட்டுமரமும் வள்ளமும் தொழில் செய்வதும் அங்கேதான். வலைகள் அறுந்தன, படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின.

இந்த மோதல்களை ஆராய மத்திய அரசு 1976-இல் மஜும்தார் குழுவை அமைத்தது. பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் கொண்டுவந்தன: கேரளம் 1980-இல், தமிழ்நாடு 1983-இல். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையிலிருந்து மூன்று கடல் மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர் வரை விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. கரைக்கடல் சிறுதொழிலுக்கு என்று இடம் ஒதுக்கிய பெரிய முடிவு அது. போராடிப் பெற்ற உரிமை.

அந்தக் கோடு நடைமுறையில் என்ன ஆகிறது? மாமாவோடு நான் போன அந்த மாலையில், பாருக்குச் சற்றுத் தள்ளி வலை போட்டு, விளக்கு மிதவை கட்டிவிட்டுத் திரும்பினோம். விடியற்காலையில் போனபோது விளக்கு இல்லை. தேடித் தேடிப் பாதி வலையை எடுத்தோம். அறுந்த முனையை அவர் கையில் பிடித்து விரலால் நீவினார். கத்தியால் வெட்டினால் நூல் ஒரே சீராக இருக்கும். இது இழுபட்டு, முறுக்குப் பிரிந்து, பஞ்சுபோல் விரிந்திருந்தது. “நம்ம எடத்துல நம்ம வலை கெடந்துச்சு தம்பி, வேற ஒரு தப்பும் இல்லை” என்றார். அந்த வலைக்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை என்பதைக் கரைக்கு வந்தபின் அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

ஒப்பிட்டுப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது பெருமளவு மதிக்கப்படுகிறது. ஏனென்றால் படகு துறைமுகத்தில் கட்டிக் கிடப்பதை ஊரே பார்க்கிறது. மூன்று கடல் மைல் கோட்டை இரவில் பார்ப்பவர் யார்? அரசின் ரோந்துப் படகுகள் சில. கரை நீளமோ 1,076 கிலோமீட்டர். ஆனால் அந்தக் கரையில் 608 மீனவ ஊர்கள் இருக்கின்றன. சராசரியாக இரண்டு கிலோமீட்டருக்குள் ஓர் ஊர், ஒவ்வோர் ஊரிலும் விழித்திருக்கும் கண்கள். அந்தக் கண்களுக்குச் சட்டத்தில் எந்த அதிகாரமும் இல்லை. கோட்டை வரைந்த நாம் காவலரை நியமிக்கவில்லை. காவல் காக்கத் தயாராக இருப்பவரைக் கேட்கவும் இல்லை.

கோடும் எல்லா இடத்துக்கும் ஒன்றேதான். பாக் நீரிணையில் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். அங்கே மூன்று கடல் மைல் தாண்டினாலும் அதே சேற்றுத் தரை, அதே இறால். தெற்கே கடல் விரைவில் ஆழமாகிவிடும். கேரளம் தொடக்கத்தில் ஆழத்தைக் கொண்டும் எல்லை வகுத்தது. நம் ஊர்களும் பாகக் கணக்கில்தான் கடலை அளக்கின்றன. பாக் நீரிணை மீனவர்கள் இன்னொரு வழியும் கண்டார்கள்: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. மோதலிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. ஒரே இடத்தை நாள்வாரியாகப் பிரிப்பதும் ஒருவகைப் பாடுதானே!

சிலியும் ஜப்பானும்

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் லோகோ என்று ஒரு கடல் நத்தை உண்டு. பாறைகளில் ஒட்டி வாழும். மூழ்காளிகள் கையால் பெயர்த்தெடுப்பார்கள். 1970-களில் ஆசியச் சந்தை திறந்ததும் எல்லோரும் பாய்ந்தார்கள். சில ஆண்டுகளில் வளம் சரிந்தது. 1989 முதல் 1992 வரை லோகோ எடுப்பதையே அரசு நிறுத்த வேண்டியதாயிற்று.

இதற்கிடையே, லாஸ் குரூசஸ் என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழகம் தன் ஆய்வுநிலையத்தை ஒட்டிய கரையை 1982-இல் வேலியிட்டு மூடியது. ஹுவான் கார்லோஸ் காஸ்தில்யா என்ற அறிஞரும் அவர் குழுவினரும் அங்கே என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள். யாரும் கை வைக்காத அந்தத் துண்டில் லோகோ பெருத்தது, பெருகியது. பக்கத்து ஊர் மீனவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். அறிக்கை படித்து வராத நம்பிக்கை அப்படி வந்தது. சில ஊர்கள் தங்கள் கரையிலும் ஒரு பகுதியை ஓய்வாக விட்டுப் பார்த்தன. 1991-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வடிவம் தந்தது. முதல் ஐந்து கடல் மைல் சிறுதொழில் மீனவருக்கு. அதற்குள் கடலடியின் ஒரு குறிப்பிட்ட பகுதியை மீனவர் சங்கமே கேட்டு வாங்கலாம். வாங்குமுன் அங்கே என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதை அரசு ஒப்ப வேண்டும். காவல் சங்கத்தின் பொறுப்பு. சங்கத்தின் பகுதிக்குள் லோகோ அளவிலும் எண்ணிக்கையிலும் வெளியே உள்ளதைவிட மேம்பட்டது. திருட்டு ஓயவில்லை என்பதும், விலை விழுந்தபோது சில சங்கங்கள் காவலில் தளர்ந்தன என்பதும் உண்மை. காவலுக்குக் கூலி அந்த வளமே தர வேண்டும் என்பது அங்கிருந்து நாம் படிக்கும் பாடம்.

ஜப்பானின் அனுபவம் இன்னும் பழையது. 1741-ஆம் ஆண்டு எடோ ஆட்சியின் விதி ஒன்று, கரையோரக் கடல் அந்தந்த ஊருக்கு, ஆழ்கடல் எல்லோருக்கும் பொது என்று வகுத்தது. நவீன அரசு வந்தபோது அந்த வழக்கத்தைத் தூக்கி எறியாமல் 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் வைத்தது. நாம் வழக்கத்தை ஒருபுறமும் சட்டத்தை மறுபுறமும் நிறுத்தினோம். அவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்.

விரலில் சுற்றிய துணி

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் அவற்றைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளைக் காக்க அது தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தீவோரங்களில் தலைமுறைகளாகக் கடற்பாசி எடுத்துவந்த பெண்கள், கோடு போட்ட மறுநாள் தங்கள் தொழிலிடத்திலேயே குற்றவாளிகளானார்கள்.

அந்தப் பெண்கள் செய்ததைக் கவனியுங்கள். கடலுக்குள் மூழ்கும்போது பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிக் கீற்றைச் சுற்றிக்கொள்வார்கள். இரும்புக் கருவியால் சுரண்டினால் பாசி வேரோடு போய்விடும்; கையால் பறித்தால் மீண்டும் துளிர்க்கும். எனவே கைதான் என்று தங்களுக்குள் விதி வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்றும் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். இந்தப் பெண்களுக்காகப் போராடிய பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருதைப் பெற்றார்.

வளத்தைக் காக்க வேண்டும் என்பதே இருதரப்பின் எண்ணமும். ஒரு தரப்பின் விதி அரசிதழில் இருக்கிறது. இன்னொரு தரப்பின் விதி ஈரத் துணியாக விரலில் இருக்கிறது. இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் எத்தனை ஆண்டுக் கசப்பைத் தவிர்த்திருக்கலாம்!

எல்லையின் எல்லை

இடம்வாரி ஆளுகை எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. பாசி, சிப்பி, சங்கு, சிங்கி இறால், பாரை ஒட்டி வாழும் மீன் ஆகியவற்றுக்கு அது நன்கு பொருந்தும். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுப்பவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தொழிலை நிறுத்தி, வலைக்கண் அளவைக் கட்டுப்படுத்தி, 2014-இல் பன்னாட்டுச் சான்றிதழ் பெற்றார்கள்; மட்டி இருந்த இடத்தில் இருப்பதால் இது எளிது. மத்தியும் காணாங்கெளுத்தியும் ஊர் எல்லையை அறியா. அவற்றுக்குப் பல ஊர்கள், பல மாவட்டங்கள் சேர்ந்த ஏற்பாடு வேண்டும்.

வெளியிலிருந்து வரும் கேடு இன்னொன்று. உள்ளே எவ்வளவு ஒழுங்காகச் சீட்டுப் போட்டாலும், முகத்துவாரம் தூர்ந்தால் இறால் வராது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் கரையில் எழும்போது, எங்கள் பாடு இங்கே இருக்கிறது என்று ஊர் சொன்னால், அதற்கு ஆவணம் எங்கே என்று கேட்கிறார்கள். கடலில் உரிமைக்குப் பட்டா கிடையாது. அதனால்தான் இந்த வழக்கங்களுக்குச் சட்ட ஏற்பு வேண்டும் என்கிறேன்.

என் வேண்டுகோள்கள் நான்கு. முதலாவது, ஒவ்வோர் ஊரும் தன் கடலின் பெயர்களை, பார்களை, சேற்றுத் தரைகளை, முறைகளைத் தானே பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு ஊர் கையில் இருக்க வேண்டும். எதைக் காட்டுவது, எதைக் காட்டாதிருப்பது என்பது ஊரின் முடிவு. இரண்டாவது, 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மூன்று கடல் மைலுக்குள் ஊர்களோ ஊர்க் கூட்டமைப்புகளோ வகுக்கும் விதிகளுக்கு அரசு ஒப்புதல் தந்து, அவற்றை மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். மூன்றாவது, அந்த அமைப்பில் பெண்களும், இருளர் போன்று இதுவரை சீட்டில் பெயர் இல்லாதவர்களும் கட்டாயம் இடம்பெற வேண்டும். நான்காவது, விசைப்படகுத் தொழிலாளர்களையும் பேச்சில் சேர்க்க வேண்டும். அவர்களும் கூலிக்குப் போகும் மீனவர் மக்களே. அவர்கள் மாற்றுத் தொழிலுக்கு வர வழி திறக்காமல் கோட்டைக் காக்க முடியாது.

இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். அன்று அறுந்த வலையோடு கரைக்கு வந்ததும், புகார் எழுதித் தரச் சொன்னார் மாமா. எங்கே நடந்தது என்ற இடம் வந்ததும், அந்தப் பாரின் பெயரைச் சொன்னார். அதிகாரிக்குப் புரியாதே என்று நினைத்து, ‘கரையிலிருந்து சுமார் இரண்டு கடல் மைல் தொலைவில்’ என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போடுமுன் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பேரைப் போட்டிருக்கலாமே தம்பி” என்றார்.

அந்தத் தாளை நான் திருத்தவில்லை. இன்று எழுதினால் முதல் வரியிலேயே அந்தப் பெயரைத்தான் எழுதுவேன்.